ஜோடி எட்டும் மேசையில் விழுந்த ராஜாவும்

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று ஜோடியாகக் கைக்கு வரும்போது, டெக்சாஸ் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு என்று ஆடும் போக்கர்) ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஃப்ளாப்புக்கு முன் ஏறக்குறைய சரியாகவே ஆடிவிடுகிறார்கள்; சிப்கள் கரைவதெல்லாம் ஃப்ளாப் என்ற அந்த முதல் மூன்று சீட்டு மேசையில் விரிந்த பிறகுதான். ஜோடி ஏஸ் வந்தவருக்கு யோசிக்க அதிகம் இல்லை. ஜோடி மூன்று வந்தவருக்கும் இல்லை, ஏனென்றால் இன்னொரு மூன்று விழுந்தால் ஆட்டம், விழாவிட்டால் ஃபோல்ட், அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகல். நடுத்தர ஜோடிதான் இரண்டுக்கும் நடுவில் நின்று ஆளைச் சோதிக்கிறது. ஃப்ளாப்பில் ஒரு ராஜாவோ ராணியோ தலைகாட்டியவுடன் எதிராளி சிப் வைக்கும் முதல் பெட்டுக்கே சீட்டைக் கவிழ்த்துவிடுகிறவர்கள் ஒரு வகை. 'ஜோடியாயிற்றே' என்று ஐந்தாவது சீட்டான ரிவர் வரை விடாமல், கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டு வகையினரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து: முதல் பெட்டையும் இரண்டாம் பெட்டையும் ஒரே கேள்வியாக நினைத்துவிடுகிறார்கள். எதிரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது முதல் பெட் பெரும்பாலும் கால் செய்யத் தக்கது, அதாவது அதே அளவு வைத்துத் தொடரத் தக்கது. நான்காவது சீட்டான டர்னில் வரும் இரண்டாம் பெட்தான் உண்மையான கேள்வி.

வேலூர்ப் பக்கத்தில் முதல் பெட்டுக்கே கவிழ்ப்பவர்கள் அதிகம் இருப்பதற்கு ரம்மிதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கே சீட்டு என்றாலே 13 சீட்டு ரம்மி. கல்யாண வீட்டு மாடியிலும் கோடை விடுமுறையின் மின்விசிறி அடியிலும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20 புள்ளி, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80 வரை ஏறும். ஆகவே சந்தேகம் வந்தால் சீக்கிரம் ஸ்கூட் விடுவதே புத்திசாலித்தனம் என்பது கையில் ஊறிப்போகிறது. போக்கரில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே விட்டுவிடுவதற்கு நிலையான விலை எதுவும் கிடையாது. நடுவில் ஏற்கெனவே குவிந்திருப்பதையும், எதிராளி இப்போது கேட்பதையும், அவர் கையில் என்னென்ன இருக்க முடியும் என்பதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடைபோட வேண்டியிருக்கிறது.

சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளியே தலைகாட்ட முடியாத வெயில் நேரத்தில், நாங்கள் ஆறு பேர் புளியங்கொட்டையை சிப்பாக வைத்து ஆடுகிறோம். ஆளுக்கு 200 கொட்டை, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைப்பது) ஒன்றும் இரண்டும். பணம் கிடையாது. இணையத்தில் பணம் வைத்து ஆடும் சூதாட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் ஒரு சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. கொட்டைக்கு மதிப்பில்லை என்பதால் எங்கள் ஆட்டத்தில் அலட்சியம் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் மிச்சத்தை நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் வரிசைப்படுத்துகிறோம். கடைசி இடத்தில் தன் பெயர் இருப்பதை யாரும் விரும்புவதில்லை. ஆட்டம் ஒழுங்காக நடக்க அது போதும். போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று நீதிமன்றங்கள் இத்தனை ஆண்டுகள் வாதித்ததற்கு ஒரு சாட்சியைக் கூப்பிடச் சொன்னால் நான் நடுத்தர ஜோடியைத்தான் கூப்பிடுவேன். ஜோடி ஏஸை யாரும் ஆடிவிடலாம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிவது ஜோடி எட்டில்தான்.

முதலில் பயத்தைக் கணக்கால் அளந்துவிடலாம். கையில் இரண்டு எட்டு இருக்கும்போது நமக்குத் தெரியாத சீட்டுகள் 50; அவற்றில் ஒன்பது முதல் ஏஸ் வரை எட்டைவிடப் பெரியவை 24. ஃப்ளாப்பின் மூன்று சீட்டும் மிச்சமுள்ள 26-லிருந்தே வருவதற்கான வாய்ப்பு வெறும் 13 சதவீதம். அதாவது 100 ஃப்ளாப்புகளில் ஏறத்தாழ 87-ல் நம் ஜோடியைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வரத்தான் போகிறது. ஜோடி ஏழுக்கு இது 92, ஜோடி ஒன்பதுக்கு 79, ஜோடி பத்துக்குக்கூட ஏறத்தாழ 70. பெரிய சீட்டைக் கண்டதும் கவிழ்ப்பது என்று முடிவு செய்துகொண்டால், ஃப்ளாப் பார்ப்பதற்குக் கொடுத்த கொட்டைகளை முக்கால்வாசி நேரம் தானம் செய்ததாகத்தான் அர்த்தம். ஃப்ளாப்பில் செட், அதாவது மூன்றாவது எட்டு, விழும் வாய்ப்பு 12 சதவீதத்துக்குச் சற்றே குறைவு, அதாவது எட்டரை முறைக்கு ஒரு முறை. விழவில்லையென்றால், டர்ன், ரிவர் இரண்டும் சேர்ந்து இன்னொரு எட்டைத் தரும் வாய்ப்பு எட்டரை சதவீதத்தைத் தாண்டாது. செட்டை நம்பி யாரும் கால் செய்யக் கூடாது.

ஆனால் எதிராளிக்கும் இதே ஃப்ளாப்தான். ஜோடியில்லாத இரண்டு சீட்டோடு வந்தவருக்கு ஃப்ளாப் ஒட்டுவது, அதாவது ஒரு ஜோடியாவது அமைவது, ஏறத்தாழ மூன்றில் ஒரு முறைதான். ராஜாவைப் பார்த்து நாம் பயப்படுவது, எதிராளியிடம் ராஜா இருப்பதாக நாமே எழுதிக்கொள்ளும் கதை. அவரிடம் அது இருக்கிறதா என்பதை எண்ணிப் பார்க்க முடியும்.

எங்களில் ஒருவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல கை இல்லாமல் ரெய்ஸ் செய்யமாட்டார், அதாவது தொகையை ஏற்றமாட்டார். அவர் 6 கொட்டைக்கு ரெய்ஸ் செய்ய, கடைசியாகப் பேசும் இடமான பட்டனில் இருக்கும் நான் ஆர்ட்டின் எட்டும் கிளாவர் எட்டும் வைத்துக் கால் செய்கிறேன், பிளைண்டுகள் இரண்டும் விலகிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 15 கொட்டை. ஃப்ளாப்: ஸ்பேட் ராஜா, டைமண்ட் ஏழு, கிளாவர் மூன்று. மூன்றும் வேறு வேறு சின்னம், ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையாக ஐந்து சீட்டு) இடமில்லை. சார் 5 கொட்டை வைக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் அக்கா மகன், "மாமா, அதான் ராஜா வந்துடுச்சே, இன்னும் எதுக்கு அதைப் புடிச்சுக்கினு இருக்கீங்க?" என்பான்.

எதற்கு என்றால், இதற்கு. அந்த 5 கொட்டைக்குக் கால் செய்தால் நடுவில் குவியும் பாட் 25 ஆகிறது. ஐந்தில் ஒரு முறை நான் ஜெயித்தால் நஷ்டமில்லை. சார் இப்படி ரெய்ஸ் செய்யும் கைகளை நான் ஏறத்தாழ அறிவேன். ஒவ்வொன்றும் எத்தனை வழிகளில் அமையும் என்று எண்ணலாம். என்னை வெல்பவை: ஜோடி ஏஸ் 6 வழி, ஒரு ராஜா மேசைக்குப் போய்விட்டதால் ஜோடி ராஜா 3, ஜோடி ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது ஒவ்வொன்றும் 6, ஏஸ்-ராஜா 12, ராஜா-ராணி 12, ஒரே சின்னத்தில் ராஜா-ஜாக்கி 3, ஜோடி ஏழு 3. மொத்தம் 63. என்னிடம் தோற்பவை: ஏஸ்-ராணி 16, ஏஸ்-ஜாக்கி 16, ஒரே சின்னத்தில் ஏஸ்-பத்து 4, ராணி-ஜாக்கி 4, ஜாக்கி-பத்து 4. மொத்தம் 44. ஆக, பயந்து நடுங்க வேண்டிய இந்த ஃப்ளாப்பில்கூட 100-க்கு 41 முறை நான்தான் முன்னால் இருக்கிறேன். தோற்கும் கைகளுக்கும் பெரிய சீட்டு விழ வழி உண்டு, அடுத்த சுற்றுகளில் அவர் மேலும் பெட் வைப்பார் என்றெல்லாம் கழித்தாலும், தேவைப்படும் 20 சதவீதத்துக்கு மேல் தாராளமாக இருக்கிறது. இந்த எண்ணிக்கையில் யாருக்கும் மந்திரம் எதுவும் தேவையில்லை. நான்கு ராஜாவில் ஒன்று மேசையில், மிச்சம் மூன்று, அதை நான்கு ஏஸால் பெருக்கினால் 12 என்பது பல்பொடிக் கடைக் கணக்குதான்.

டர்னில் ஆர்ட்டின் இரண்டு விழுகிறது என்று வையுங்கள். யாருக்கும் எதுவும் மாறவில்லை. பாட் 25. சார் இப்போது 18 வைக்கிறார். இங்கேதான் ஆட்டம் தலைகீழாகிறது. அவரைப் போன்றவர் ஜோடி ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது ஆகியவற்றோடு இரண்டாம் முறை பெட் வைக்கமாட்டார். ராஜாவைக் கண்டு அவருக்கும் பயம் உண்டு. ராஜா-ஜாக்கியோடும் அவர் சற்று நிதானிப்பவர். மிஞ்சுவது ஜோடி ஏஸ், ஜோடி ராஜா, ஜோடி ஏழு, ஏஸ்-ராஜா, ராஜா-ராணி என 36 வழிகள். 18-க்குக் கால் செய்தால் பாட் 61 ஆகும், 100-க்கு 29.5 முறையாவது நான் ஜெயிக்க வேண்டும். அதற்கு அவர் ஒன்றுமில்லாத கைகளில் குறைந்தது 15 வழிகளோடாவது இரண்டாம் முறையும் பெட் வைப்பவராக இருக்க வேண்டும். ஏஸ்-ராணி வந்த ஒவ்வொரு முறையும் அவர் விடாமல் அடித்தால்தான் அந்த எண்ணிக்கை சற்றே நிறையும். வாழ்நாள் முழுக்கப் பற்றையும் வரவையும் நேர்செய்த மனிதர் அதைச் செய்யமாட்டார். எட்டுகளைக் கவிழ்த்துவிட வேண்டும். ஃப்ளாப்பில் 5 கொட்டை வீணாயிற்று என்று வருந்தவும் கூடாது, ஏனென்றால் அந்த 5 கொட்டைதான் அவர் டர்னில் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்கும் இடத்தை வாங்கித் தந்தது.

அதே டர்னில் அவர் செக் செய்திருந்தால், அதாவது எதுவும் வைக்காமல் விட்டிருந்தால், நிலைமை எனக்குச் சாதகம். பெரிய ராஜாக்களை அவர் பெட் வைத்திருப்பார். இப்போது அவரிடம் என்னை வெல்வது நடுவிலுள்ள ஜோடிகளும் அந்த ராஜா-ஜாக்கியும் சேர்ந்து 27 வழிகள், தோற்பது 44. இந்த இடத்தில் நானும் செக் செய்து இலவசமாக ரிவரைப் பார்ப்பது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏஸ்-ராணி வைத்திருப்பவருக்கு ரிவரில் என்னைத் தாண்ட ஆறு சீட்டுகள் உண்டு, 44-ல் 6, ஏறத்தாழ 14 சதவீதம். ஒரு கொட்டைகூட வாங்காமல் அந்த 14 சதவீதத்தை ஏன் கொடுக்க வேண்டும்? 8 கொட்டை வைத்தால் அந்த ஏஸ்-ராணி பெரும்பாலும் விலகிவிடும். அவர் அதற்கு ரெய்ஸ் செய்தால் மறுபேச்சில்லாமல் விட்டுவிடலாம்.

இதையும், 'நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் பெட் வைத்தேன்' என்ற பழக்கத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃப்ளாப்பில் ராஜா விழுந்தவுடன், எதிராளி வாய் திறப்பதற்கு முன்பே 10 கொட்டையைத் தள்ளி, அவர் கால் செய்தால் ராஜா இருக்கிறது, விலகினால் இல்லை என்று அறிந்துகொள்வதாக நினைப்பவர்கள் எங்கள் மேசையிலும் இருக்கிறார்கள். நடுத்தர ஜோடியை அழிப்பதில் இதற்கு இணையான வழியை நான் பார்த்ததில்லை. நம்மைவிடக் கீழான கைகள் எல்லாம் விலகிவிடுகின்றன, மேலான கைகள் எல்லாம் தங்கிவிடுகின்றன. கேள்வி கேட்பதற்கு 10 கொட்டை செலவு, பதிலால் பயன் பூஜ்யம். பெட் வைப்பதற்கு முன், நம்மைவிட மோசமான எந்தக் கை கால் செய்யும், நம்மைவிட நல்ல எந்தக் கை விலகும், இன்னும் ஆறேழு சீட்டால் நம்மைத் தாண்டக்கூடிய எந்தக் கையை விரட்டுகிறோம் என்ற மூன்றில் ஒன்றுக்காவது பதில் வேண்டும். மூன்றுக்கும் இல்லையென்றால் செக்.

முதல் பெட்டுக்குக் கால் செய்வது என்பது புளியங்கொட்டை மேசைக்கு மட்டும் உரிய தத்துவமல்ல. 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், 839 பேரில் கடைசி பத்துப் பேர் மிஞ்சியிருந்தபோது, ஃபில் ஐவி கையில் ஜோடி ஒன்பது, கிறிஸ் மணிமேக்கர் கையில் ஏஸ்-ராணி. ஃப்ளாப் ராணி-ராணி-ஆறு. மணிமேக்கர் பெட் வைத்தார், ஐவி கால் செய்தார். முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியும். எண்ணிப் பார்த்தால் அப்படியல்ல: மேசையில் இரண்டு ராணி போய்விட்டால் மிச்சம் இரண்டுதான், ஏஸ்-ராணி அமைய 8 வழிகளே உண்டு, ஒற்றை ராணி விழுந்திருந்தால் 12 இருந்திருக்கும். ஒரே எண் இரண்டு முறை விழும் ஃப்ளாப் நடுத்தர ஜோடிக்குப் பயங்கரமாகத் தோன்றும், உண்மையில் சற்று நல்லதே. டர்னில் ஒன்பது விழுந்து ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒன்பது, இரண்டு ராணி) ஆனது. எல்லாச் சிப்களும் நடுவுக்கு வந்தன. அப்போது மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடிய சீட்டுகள் மூன்று ஏஸ், மூன்று ஆறு, ஒரு ராணி என ஏழு மட்டுமே. 44-ல் 7, 16 சதவீதம். ரிவரில் ஏஸ் விழுந்தது. ஐவி பத்தாம் இடத்தோடு வெளியேறினார், மணிமேக்கர் பட்டத்தையும் 25 லட்சம் டாலரையும் வென்றார். அவரும் ஒரு கணக்கர் என்பதில் எங்கள் சாருக்கு ஒரு தனிப் பெருமை.

சிறிய ஃப்ளாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே தவறு எதிர்த் திசையில் நடக்கிறது. ஜோடி ஒன்பதுக்கு ஏழு-ஐந்து-இரண்டு விழுந்தால், அடடா, எல்லாவற்றையும்விட நம்முடையதே பெரிது என்று மெதுவாக ஆடி வலை விரிப்பவர்கள் உண்டு. வலை விரிக்கும் அளவுக்குப் பெரிய ஜோடி அல்ல அது; பத்து முதல் ஏஸ் வரை எது விழுந்தாலும் அடுத்த சுற்றில் கலக்கம். பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு உடனே வைத்து, ஏஸ்-ராஜாக்களிடமும் ஜோடி ஆறு, எட்டுகளிடமும் இப்போதே வசூலிக்க வேண்டும். சாரைப் போன்ற ஒருவர் அதற்கு மேல் பெரிய ரெய்ஸ் செய்தால் மட்டும், பத்து முதல் ஏஸ் வரையிலான ஜோடிகள் 30 வழி, செட்டுகள் 9 வழி என்பதை நினைவில் வைத்து நிறுத்திக்கொள்ளலாம். எட்டு-ஏழு-ஆறு விழுந்த ஃப்ளாப்பில் ஜோடி ஒன்பதுக்கு ஸ்ட்ரெய்ட்டுக்கு இரு பக்கமும் திறந்த எட்டுச் சீட்டுகள் கூடவே கிடைக்கின்றன. அதைவிடப் பெரிய ஜோடி பத்துக்கு அங்கே நான்குதான். ஆகவே அந்த மேசையில் ஒன்பதைச் சற்று முரட்டுத்தனமாகவே ஆடலாம்.

எதிரில் மூன்று பேர் இருந்தால் இதுவரை சொன்ன துணிச்சல் எதுவும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஃப்ளாப் ஒட்டாமல் போவது மூன்றில் இரண்டு முறை என்றால், மூவருக்கும் ஒட்டாமல் போவது 30 சதவீதம்தான். பெரிய சீட்டு இரண்டு விழுந்து, ஒருவர் பெட் வைத்து, இன்னொருவர் கால் செய்தும்விட்டால், ஜோடி எட்டுக்கு அங்கே வேலையில்லை. பிளைண்டில் இருந்துகொண்டு ஆடும்போதும், நமக்குப் பின்னால் பேசுபவர் பெரும்பாலும் ஒருவர் இருப்பதால், ஒரு முறை செக்-கால், அதற்கு மேல் மிகவும் யோசித்து. செட் விழுந்த நாளில் சொல்ல அதிகம் இல்லை: ஒளித்து வைக்காமல் பெட் வையுங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக என் அக்கா மகன். காட்பாடியில் பொறியியல் படிக்கிறான். ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் அடிப்பவன், கையிலுள்ள ராணி ரிவரில் ஜோடியானாலும் நிறுத்தாதவன். மேலே சொன்ன அதே ராஜா-ஏழு-மூன்று மேசையில், அதே கைகளோடு அவன் வந்திருந்தால், டர்னின் 18 கொட்டைக்கு நான் தயங்காமல் கால் செய்வேன், ஏனென்றால் அந்த 36 வழிகளுக்கு எதிராக ஒன்றுமில்லாத 44 வழிகளோடும் அவன் அங்கே வந்திருப்பான். பாட் 61 ஆகிறது. ரிவரில் அவன் 60 வைக்கிறான். எனக்கு 33 சதவீதம் தேவை. இப்போது எந்தச் சீட்டு விழுந்தது என்பதுதான் எல்லாம். ராணி விழுந்தால், இதுவரை ஒன்றுமில்லாதவையாக இருந்த ஏஸ்-ராணியும் ராணி-ஜாக்கியும் என்னைத் தாண்டிவிடுகின்றன. எண்ணினால் 48 வழிகள் என்னை வெல்லும், 24 தோற்கும். அந்த 24-லும் ஒன்று விடாமல் அவன் பொய்யடித்தால்தான் சரியாக 33 சதவீதம். அவனால்கூட அது முடியாது, ஆகவே ஃபோல்ட். ராணிக்குப் பதில் நான்கு விழுந்தால் 44 வழிகளும் அப்படியே ஒன்றுமில்லாமல் நிற்கின்றன. அவற்றில் பாதியோடு மட்டுமே அவன் துணிந்திருந்தாலும் 58-க்கு 22, 38 சதவீதம் எனக்கு. "மாமா, ராஜா இருக்குது, சொல்லிட்டேன்" என்று அவன் என்ன சொன்னாலும், அங்கே நான் 60 கொட்டையை எண்ணி நடுவில் வைத்துவிடுவேன்.